சுஷியின் கதை: ஊறிய மீனிலிருந்து உறைந்த மீன் வரை

டோக்கியோ மாநகரின் கின்ஸா பகுதியில், ஓர் அலுவலகக் கட்டடத்தின் நிலவறையில் சிறிய உணவு விடுதி ஒன்று இருக்கிறது. சுக்கியபாஷி ஜிரோ என்பது அதன் பெயர். 1925ஆம் ஆண்டில் பிறந்த ஜிரோ ஓனோ என்னும் சமையற்கலைஞர் 1965இல் தொடங்கிய விடுதி அது. அங்கே ஒரே நேரத்தில் பத்துப் பேர் மட்டுமே அமர முடியும். அன்றைக்கு எந்த மீன், எந்த வரிசையில் என்பதையெல்லாம் சமைப்பவரே முடிவு செய்வார். ஏறத்தாழ 20 கவளங்கள் வரும். அரை மணி நேரத்திற்குள் விருந்து முடிந்துவிடும். 2007ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த மிஷலின் உணவு வழிகாட்டியின் முதல் டோக்கியோ பதிப்பு இவ்விடுதிக்கு மூன்று நட்சத்திரங்களை வழங்கிச் சிறப்பித்தது. 2014 ஏப்ரலில் அமெரிக்க அதிபர் ஒபாமாவும் ஜப்பானியப் பிரதமர் அபேயும் இங்குதான் இரவு உணவு உண்டனர். இத்தரத்து விடுதிகள் பலவற்றில் ஒருவருக்கு ஆகும் செலவு 30,000 யென்னுக்கு மேல்.

இப்படிப்பட்ட ஒரு விடுதியில் நீங்கள் அமர்ந்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். உங்கள் முன்னே நீண்ட மரப்பலகை. அதற்கு அப்பால் நிற்பவர் மரத்தொட்டியிலிருந்து சிறிதளவு சோற்றை எடுத்து உள்ளங்கையில் உருட்டுகிறார். பச்சை மீன் துண்டு ஒன்றை அதன்மேல் பொருத்தி, இரண்டு மூன்று முறை அழுத்தி, உங்கள் முன் வைக்கிறார். அதை நீங்கள் உடனே உண்ண வேண்டும். பேச்சு சுவாரசியத்தில் அதை ஐந்து நிமிடம் அப்படியே விட்டுவைத்தால் அவர் முகம் வாடும்.

சமையலறையில் இருபதையும் செய்து ஒரே தட்டில் அடுக்கிக் கொண்டுவந்தால் என்ன? உண்பவரும் சமைப்பவரும் எதிரெதிரே இருக்க வேண்டிய தேவை என்ன? இதெல்லாம் பணக்காரர்களுக்கான வெறும் ஆடம்பரமா? இவ்வினாக்களுக்கு விடை சமையற்கலையில் பாதியும் வெப்பவியலிலும் வேதியியலிலும் மீதிப் பாதியும் அடங்கியிருக்கிறது. அதைக் காண நாம் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். அக்காலச் சுஷிக்கும் புதிய மீனுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்பதுதான் முதல் வியப்பு.

சோற்றில் புதைத்த மீன்

மீன் பிடிபட்ட கணத்திலிருந்தே கெடத் தொடங்குகிறது. பனிக்கட்டி இல்லாத காலத்தில் அதைக் காக்க மனிதனுக்குத் தெரிந்த வழிகள் சிலவே. உப்பிட்டு உலர்த்திக் கருவாடு ஆக்குவது ஒன்று. நெல் விளையும் நாடுகளில் வேறொரு வழியும் தோன்றியது. உப்பிட்ட மீனைச் சோற்றில் புதைத்து, மேலே கல்லை ஏற்றி, காற்றுப் புகாமல் மாதக்கணக்கில் வைத்துவிடுவது. மேக்கோங் ஆற்றுப் படுகையை ஒட்டிய தென்கிழக்கு ஆசிய நெல் நாடுகளில் இம்முறை தோன்றி, சீனம் வழியாக ஜப்பானை அடைந்தது என்று உணவு வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர்.

இதில் நடப்பது என்ன? சோற்றின் மாவுச்சத்து சர்க்கரையாகச் சிதைய, லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் அச்சர்க்கரையை உண்டு லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. நம் வீட்டில் இட்லி மாவு புளிப்பதும் இந்த பாக்டீரியாக்களால்தான். புளிப்பு ஏறியதும், மீனை அழுகச் செய்யும் நுண்ணுயிர்களும் நச்சை உண்டாக்கும் நுண்ணுயிர்களும் அங்கே பெருக முடிவதில்லை. மீன் கெடாமல் நிற்கிறது.

ஜப்பானின் மிகப் பெரிய ஏரியான பிவா ஏரிக் கரையில் இன்றும் ஃபுனாசுஷி என்ற பண்டம் இம்முறையில் செய்யப்படுகிறது. வசந்த காலத்தில் பிடித்த கெண்டை இன மீனைச் சில மாதங்கள் உப்பில் வைத்து, பிறகு சோற்றில் அடுக்கி ஓராண்டோ அதற்கு மேலோ விட்டுவிடுகின்றனர். சோறு கூழாகிவிடும், அதை வழித்து எறிந்துவிட்டு மீனை மட்டும் உண்பது வழக்கம். பாலாடைக் கட்டியை ஒத்த கடுமையான மணம் அதற்கு உண்டு. சுஷி என்ற சொல்லே புளிப்பு என்ற பொருளில் பிறந்ததாகக் கூறப்படுகிறது. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த யோரோ சட்டத்தொகுப்பில், வரியாகச் செலுத்தத்தக்க பொருள்களுள் ஒன்றாகச் சுஷி இடம்பெற்றிருக்கிறது. வரியாகத் தொலைதூரம் சுமந்து செல்லும் அளவுக்கு அது கெடாத பொருளாக இருந்தது என்பதை இதிலிருந்து உணரலாம்.

காடி வந்தது, காலம் சுருங்கியது

அடுத்த பல நூற்றாண்டுகளின் கதை, காத்திருக்கும் காலம் படிப்படியாகக் குறைந்த கதையாகும். முரோமாச்சி காலத்தில் (1336–1573) மக்கள் பொறுமை இழந்தனர். மீன் முழுவதும் ஊறும் முன்பே, சோறு சோறாக இருக்கும்போதே, இரண்டையும் சேர்த்து உண்ணத் தொடங்கினர். ஆண்டு மாதங்களாயிற்று; மாதம் வாரங்களாயிற்று.

17ஆம் நூற்றாண்டில் வேறொரு சிந்தனை எழுந்தது. நமக்கு வேண்டியது புளிப்புதானே? பாக்டீரியா அதை உண்டாக்கும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? ஆயத்தமாக இருக்கும் காடியை, அதாவது வினிகரை, சோற்றில் கலந்துவிட்டால் போதாதா? இவ்வாறு பிறந்ததுதான் ஹயாசுஷி, அதாவது விரைவுச் சுஷி. லாக்டிக் அமிலத்தின் இடத்தை அசெட்டிக் அமிலம் பிடித்தது.

எடோ என்பது டோக்கியோவின் பழம்பெயர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுமார் பத்து லட்சம் மக்கள் வாழ்ந்த பெருநகரம் அது. தச்சர்களும் சுமை தூக்குவோரும் கடைப் பையன்களும் நின்றபடியே எதையாவது வாயில் போட்டுக்கொண்டு வேலைக்கு ஓடிய ஊர். 1820களில் அங்கே ரியோகோகு பகுதியில் கடை நடத்திய ஹனாயா யோஹே (1799–1858) என்பவர், காடிச் சோற்றைக் கையால் பிடித்து அதன்மேல் மீன் துண்டை வைத்துக் கொடுத்தார். இன்று உலகெங்கும் சுஷி என்றதும் நினைவுக்கு வரும் நிகிரி வகையைப் பரப்பியவராக அவரையே பெரும்பாலோர் குறிப்பிடுகின்றனர். அதே காலத்தில் நகோயா அருகே ஹந்தா என்ற ஊரில், நகானோ மதாசயேமோன் என்ற மது வடிப்பாளர் 1804 முதல் அரிசி மதுவின் வண்டலிலிருந்து மலிவான காடி தயாரித்து வந்தார். அக்காடி கப்பலேறி எடோவுக்கு வந்து சேர்ந்தது. சுஷி தெருவோர உணவாகப் பரவியதில் இந்த மலிவான காடிக்குப் பெரும் பங்கு உண்டு.

அன்றைய நிகிரி இன்றையதைப் போல் இரண்டு மூன்று மடங்கு பெரியது. மேலிருந்த மீனும் வெறும் பச்சை மீனாக இருந்ததில்லை. குளிரூட்ட வழியில்லாத ஊரில் பச்சை மீனை எப்படி விற்பது? ஆகவே சிறு மீன்களை உப்பிலும் காடியிலும் ஊறவைத்தனர். கடல் விலாங்கை வேகவைத்தனர். சூரை மீனைச் சோயாச் சாற்றில் முக்கி வைத்தனர். இன்று மிகப் பெரிய விடுதிகளில் கைத்திறன் என்று புகழப்படும் இம்முறைகள் யாவும், தெருக்கடைக்காரர் தம் மீனை மாலை வரை காப்பாற்றக் கண்டுபிடித்த உபாயங்களே.

சில கடைகள் விலையை ஏற்றி ஆடம்பரச் சுஷியை விற்கவும் செய்தன. 1841 முதல் 1843 வரை நடந்த டென்போ சீர்திருத்தத்தின்போது அரசு ஆடம்பரத்திற்கு எதிராகக் கட்டளைகள் பிறப்பித்தது; அப்போது தண்டிக்கப்பட்ட சுஷி வணிகர்களுள் யோஹேயும் ஒருவர். விலையுயர்ந்த சுஷியைப் பற்றிய மனக்குறை நேற்று இன்று தோன்றியதன்று!

1923 செப்டம்பர் 1ஆம் நாள் நேர்ந்த கான்டோ பெருநிலநடுக்கம் டோக்கியோவை அழித்தபோது, தொழிலாளர் பலர் சொந்த ஊர்களுக்குத் திரும்பினர். அவர்களோடு நிகிரியும் நாடெங்கும் பரவியது. போருக்குப் பின், அரிசிப் பஞ்சத்தின்போது, 1947இல் உணவு விடுதிகள் பெரும்பாலும் மூடப்பட்டன. அப்போது சுஷிக் கடைக்காரர்கள் ஓர் ஏற்பாட்டுக்கு அனுமதி பெற்றனர். வாடிக்கையாளர் 180 மில்லி லிட்டர் அளவுள்ள ஒரு கோ அரிசியைக் கொண்டுவந்தால், கூலி பெற்றுக்கொண்டு பத்துச் சுஷி செய்து தருவது என்பதே அது. இன்றைய கவளத்தின் அளவு நிலைபெற்றதில் இந்தப் பங்கீட்டுக் கணக்குக்கும் இடமுண்டு. சுகாதாரக் கட்டுப்பாடுகளால் தெருக்கடைகள் மறைந்தன. சுஷி கூரைக்குக் கீழே வந்தது. ஆயினும் தெருக்கடையின் பலகை மட்டும் போகவில்லை. நீங்கள் இன்று கின்ஸாவில் அமரும் பலகை அதன் வாரிசுதான்.

பூனையும் தாண்டிச் சென்ற மீன்

இன்றைய சுஷி விடுதியில் மிக உயர்ந்த விலைக்குரியது நீலத்துடுப்புச் சூரையின் வயிற்றுப் பகுதி, டோரோ என்பர். கொழுப்பு நிறைந்து இளஞ்சிவப்பாக இருக்கும். எடோ காலத்திலோ இப்பகுதியை யாரும் சீண்டவில்லை. பூனைகூடத் தாண்டிப் போகும் என்று அதைக் கேலி செய்தனர். காரணம் எளியது. கொழுப்புப் பகுதியில் சோயாச் சாறு ஊறாது. மீன் கொழுப்பு ஆக்ஸிஜனுடன் சேர்ந்து விரைவில் சிக்குப் பிடிக்கும். அப்படியானால் இருநூறு ஆண்டுகளில் மனிதன் நாக்கு மாறிவிட்டதா? மாறியது வெப்பநிலை.

வேதிவினைகளும் பாக்டீரியாப் பெருக்கமும் வெப்பநிலையைப் பொறுத்தவை என்பதை மாணவர்கள் அறிவர். மீனைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு கண்டிப்பானது. 0° செ. வெப்பநிலையில் பத்து நாள் நிற்கக்கூடிய மீன், 4° செ.இல் ஏறத்தாழ ஐந்து நாளும், 10° செ.இல் இரண்டரை நாளும்தான் தாங்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜப்பானில் இயந்திரப் பனிக்கட்டி உற்பத்தி தொடங்கியதும் இக்கணக்கு மனிதனுக்குச் சாதகமாகத் திரும்பியது.

ஆனால் தொலைதூரக் கடலில் பிடித்த சூரைக்குப் பனிக்கட்டி போதாது. சாதாரண உறைபதனப் பெட்டியின் −20° செ.கூடப் போதாது. சூரையின் சிவப்பு நிறம் மயோகுளோபின் என்ற புரதத்தால் வருவது. அதிலுள்ள இரும்பு அணு ஆக்ஸிஜனேற்றம் அடைந்தால் சிவப்பு மங்கிப் பழுப்பாகிவிடும். −20° செ.இலும் இம்மாற்றம் மெல்ல மெல்ல நடந்துகொண்டே இருக்கும். சில மாதங்களில் மீன் கெட்டுப்போகாது; ஆனால் யாரும் வாங்கமாட்டார்கள். ஆகவே 1960களின் பிற்பகுதியிலிருந்து ஜப்பானியக் கப்பல்கள் −50° செ. முதல் −60° செ. வரை குளிரூட்டும் அறைகளை அமைத்துக்கொண்டன. அந்த வெப்பநிலையில் வினை ஏறத்தாழ நின்றேவிடுகிறது. உலகின் எந்தக் கடலில் பிடித்த சூரையும், ஓராண்டு கழித்தும், டோக்கியோவில் சிவப்பாகவே இறங்கலாயிற்று. உறையவைப்பதில் மற்றொரு நன்மையும் உண்டு. பச்சை மீனில் இருக்கக்கூடிய அனிஸாக்கிஸ் என்ற ஒட்டுண்ணிப் புழு, −20° செ.இல் ஏழு நாள் வைத்தால் இறந்துவிடும்.

கப்பலை அடுத்து விமானம் வந்தது. 1970களின் தொடக்கத்தில் ஜப்பான் விமானக் கம்பெனியின் சரக்குப் பிரிவுக்கு ஒரு சிக்கல் இருந்தது. ஜப்பானிலிருந்து மின்னணுக் கருவிகளை நிரப்பிக்கொண்டு வட அமெரிக்கா சென்ற விமானங்கள் திரும்பும்போது ஏற்றுவதற்குச் சரக்கின்றி வந்தன. அப்பிரிவைச் சேர்ந்த அகிரா ஒகஸாகி, கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் விளையாட்டுக்காகப் பிடிக்கப்பட்டு, பிறகு மண்ணில் புதைக்கப்பட்ட பெரிய சூரைகளைப் பற்றி அறிந்தார். 1972 ஆகஸ்டு 14ஆம் நாள், அட்லாண்டிக் கடலில் பிடித்த அம்மீன்கள் பனிக்கட்டியோடு பறந்து வந்து டோக்கியோவின் சுகிஜி சந்தையில் ஏலம் போயின. புதைகுழிக்குரிய மீன் அன்றுமுதல் பொன்னாயிற்று.

இறந்த பின்னும் மாறும் சுவை

புத்தம் புதிய மீனே சுவையான மீன் என்று நாம் நினைக்கிறோம். இது பாதி உண்மை. தசைக்கு ஆற்றல் வழங்கும் சேர்மம் ஏ.டி.பி. மீன் இறந்தபின் அது படிப்படியாகச் சிதைந்து இனோசினிக் அமிலமாகிறது. மிகுந்த சுவையுடையது இதுவே. மேலும் சிதைந்தால் இனோசினும், கசப்புள்ள ஹைப்போஸாந்தினும் உண்டாகின்றன. ஆக, மிகவும் புதிய மீனில் சுவை முழுமை பெறுவதில்லை. நாள்பட்ட மீனில் சுவை போய்விடுகிறது. இடையில் ஒரு பருவம் இருக்கிறது. அதைப் பிடிப்பதற்காகவே நல்ல விடுதிகள் பெரிய சூரையைப் பல நாள் குளிரில் வைத்திருந்து பக்குவம் பார்க்கின்றன. 1959இல் ஜப்பானிய அறிவியலாளர் சைட்டோ, அராய், மட்சுயோஷி ஆகியோர் இச்சிதைவை அளந்து ‘கே மதிப்பு’ என்ற அளவையை வகுத்தனர். அது 20 விழுக்காட்டுக்குள் இருந்தால் மீன் பச்சையாக உண்ணத் தக்கது என்பர்.

இனோசினிக் அமிலம் நாக்கில் தனியே வேலை செய்வதில்லை. 1908இல் கிகுனாய் இக்கேடா கடற்பாசிச் சாற்றில் குளுட்டாமிக் அமிலத்தைப் பிரித்தெடுத்து, அதன் சுவைக்கு உமாமி எனப் பெயரிட்டார். 1913இல் அவருடைய மாணவர் ஷின்டாரோ கொடாமா உலர்ந்த சூரையில் இனோசினிக் அமிலத்தின் சுவையைக் கண்டார். இவ்விரண்டும் சேர்ந்தால் சுவை கூட்டலாக அன்றிப் பெருக்கலாக உயரும் என்பதை 1950களின் இறுதியில் அகிரா குனினாகா விளக்கினார். சோயாச் சாற்றில் குளுட்டாமிக் அமிலம் மிகுதி; மீனில் இனோசினிக் அமிலம் மிகுதி. எடோவின் தெருக்கடைக்காரர் அனுபவத்தால் சேர்த்துவைத்த இரண்டையும் நூறாண்டு கழித்து ஆய்வுக்கூடம் விளக்கிற்று!

இரு வெப்பநிலைகளின் சந்திப்பு

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். ஏன் எதிரே நின்று செய்து தர வேண்டும்?

மீன் குளிரை விரும்புகிறது. சோறோ அதற்கு நேர்மாறானது. வெந்த அரிசியின் மாவுச்சத்து மூலக்கூறுகள் நீரை ஏற்று மென்மையாக இருக்கும். குளிர்ந்தால் அவை மீண்டும் ஒழுங்காக அடுக்கப்பட்டுச் சோறு விறைத்துப் போகும். உறைநிலைக்குச் சற்று மேலே, அதாவது குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலையில்தான் இது மிக விரைவாக நிகழும். முந்தைய நாள் சோற்றைப் பெட்டியில் வைத்து எடுத்தவர்கள் இதை அறிவார்கள். ஆகவே சுஷிச் சோற்றை மனித உடம்பின் சூட்டில், ஏறத்தாழ 36° அல்லது 37° செ.இல் வைத்திருக்கிறார்கள்.

குளிரில் இருக்க வேண்டிய மீனையும் இளஞ்சூட்டில் இருக்க வேண்டிய சோற்றையும் ஒன்றாக வைத்தால் என்ன ஆகும்? வெப்பம் சோற்றிலிருந்து மீனுக்குப் பாயும். சில நிமிடங்களில் இரண்டும் தம் நிலையை இழந்துவிடும். அரைத்த வசாபிக் கிழங்கின் காரமும் அப்படித்தான். அரைக்கும்போது நொதி வினையால் பிறக்கும் அந்த ஆவியாகும் சேர்மம் கால் மணிக்குள் பெரிதும் மறைந்துவிடும். ஆகவே சேர்த்துவைத்த கவளத்தின் ஆயுள் நிமிடக் கணக்குதான். அந்த நேரத்திற்குள் அது உங்கள் வாயை அடைய வேண்டுமானால், செய்பவரின் கை உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பலகையின் இரகசியம் இதுவே.

இதற்கு மாறான வழியும் உண்டு. 1958இல் யோஷியாகி ஷிராய்ஷி என்பவர் பீர் ஆலையில் புட்டிகள் நகர்வதைப் பார்த்து, ஒசாகா அருகே சுழலும் பட்டையில் சுஷித் தட்டுகள் வரும் கடையைத் திறந்தார். வினாடிக்கு 8 செ.மீ. வேகம். 1970இன் ஒசாகா உலகக் கண்காட்சி அதை நாடறியச் செய்தது. அங்கே கவளம் சற்று ஆறியிருக்கலாம்; ஆனால் எடோவின் சுமைதூக்கி உண்ட உணவு அவன் பேரனுக்குக் கட்டுப்படியான விலையில் திரும்பக் கிடைத்தது.

கடலுக்கு நேர்ந்தது

குளிர் மீனைக் காத்தது. ஆனால் மீனினத்தை அது காக்கவில்லை. மீன் கெட்டுப்போய்விடும் என்ற அச்சம் இருந்தவரை, எடோவின் வலை எடோ விரிகுடாவைத் தாண்டவில்லை. அந்த அச்சம் நீங்கியதும் உலகின் கடல்கள் அனைத்தும் ஒரே சந்தைக்குப் பக்கத்துக் கடலாயின. 2019 ஜனவரி 5ஆம் நாள், டோயோசு சந்தையின் புத்தாண்டு ஏலத்தில் 278 கி.கி. எடையுள்ள ஒரே சூரை 33 கோடியே 36 லட்சம் யென்னுக்கு விலைபோயிற்று. அதாவது கிலோவுக்கு 12 லட்சம் யென். விளம்பரத்திற்காகக் கொடுத்த விலை அது என்றாலும், ஒரு மீனின்மேல் இவ்வளவு ஆசை குவிந்தால் அம்மீன் பிழைப்பது அரிது.

அட்லாண்டிக் நீலத்துடுப்புச் சூரைக்கு அந்த நிலை வந்தது. 2006இல் அறிவியலாளர் 15,000 டன்னுக்கு மேல் பிடிக்கலாகாது என்று கூறியும், அம்மீன்பிடிப்பை மேற்பார்க்கும் பன்னாட்டு ஆணையம் 29,500 டன்னுக்கு அனுமதி அளித்தது. 2010 மார்ச்சில் தோஹாவில் கூடிய உலக மாநாட்டில், இம்மீனின் பன்னாட்டு வணிகத்தையே தடை செய்ய மொனாக்கோ நாடு தீர்மானம் கொண்டுவந்தது. ஆதரவு 20, எதிர்ப்பு 68. தீர்மானம் தோற்றது. ஆயினும் அந்த அச்சுறுத்தல் வீண்போகவில்லை. 2010க்கான அளவு 13,500 டன்னாகக் குறைக்கப்பட்டது; கண்காணிப்பும் கடுமையாயிற்று. மீன் பெருகலாயிற்று. 2021இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை ஆபத்துப் பட்டியலிலிருந்து விடுவித்தது. ஆனாலும் அட்லாண்டிக்கின் மேற்குப் பகுதியில் பழைய நிலை திரும்பவில்லை. இதற்கிடையே ஜப்பானின் கின்கி பல்கலைக்கழகம், 1970இல் தொடங்கிய முயற்சியின் பயனாக, 2002இல் முட்டையிலிருந்து முட்டை வரை பசிபிக் நீலத்துடுப்புச் சூரையை வளர்த்துக் காட்டியது.

அறிவியலின் சொல்லைக் கேட்காதபோது என்ன நேர்ந்தது, கேட்டபோது என்ன நேர்ந்தது என்ற இரண்டையும் நம் தலைமுறை ஒரே மீனிடம் பார்த்துவிட்டது. ஆயிரம் ஆண்டுகளாக, ஒரு கவளத்திற்கும் உண்பவருக்கும் இடையிலிருந்த ஓராண்டுக் காத்திருப்பை மனிதன் சில வினாடிகளாகக் குறைத்திருக்கிறான். ஆனால் ஒரு நீலத்துடுப்புச் சூரை முட்டையிடும் பருவத்தை அடைய இன்றும் பல ஆண்டுகள் ஆகின்றன. அக்காத்திருப்பை எந்தக் குளிர்சாதனமும் குறைக்க முடியாது. அதற்கு நாம்தான் பொறுத்திருக்க வேண்டும்.